தோப்பும் சோலைவரியும்

திருகோணமலை நகரில் வீடு வாங்கிக் குடிபோன எங்கள் உறவினர் ஒருவருக்கு முதல் வருடமே சோலைவரி அறிவித்தல் வந்தது. தோப்பூரிலிருந்து அவரைப் பார்க்க வந்திருந்த மூத்தவாப்பா அந்தக் கடதாசியை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு வெளியே எட்டிப் பார்த்தார். மதிலிலிருந்து மதில்வரை சீமெந்து போட்ட முற்றம். "ஒரு முருங்க மரமும் இல்லாத வளவு. இதுக்கு எதுக்கு மகன் சோலவரி?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. வீடு, கடை, காணி ஆகியவற்றுக்கு உள்ளூராட்சி மன்றம் ஆண்டுதோறும் அறவிடும் வரியை இலங்கைத் தமிழர் சோலைவரி என்கிறோம். தமிழ்நாட்டில் இதுவே சொத்துவரி. கிராமத்தவர் வாயில் வீட்டுவரி. நம்முடைய ஆட்சித்தமிழும் சில இடங்களில் ஆதனவரி என்று எழுதிப் பார்த்தது. ஆனாலும் மக்கள் நாவில் நிலைத்தது சோலைதான். மரம் போன பிறகும் மரத்தின் பெயர் வரியில் நிற்கிறது.

தோப்பூர்க்காரர் ஒருவர் சோலைவரியைப் பற்றிக் கேட்டார் என்பதால் இந்தச் சொல்லின் பின்னே போனேன். போகப் போக அது இன்னொரு கேள்வியில் கொண்டுபோய் விட்டது. வசதி படைத்தவரிடம் கூடுதலாக வரி வாங்குவது நியாயமா என்ற கேள்வி அது. பொருளியலாளர் அதற்குப் பல விடை சொல்கிறார்கள். தமிழ்ச் சொற்களும் ஒரு விடையை வைத்திருக்கின்றன.

தொகுத்த மரங்கள்

தோப்பூரின் பெயர் ஒளிவுமறைவற்றது. தோப்பு, ஊர் என்ற இரண்டும் சேர்ந்தது. மூதூருக்கு அப்பால், அல்லைக் குளத்து நீர் பாயும் வயல்வெளிகளை அடுத்துக் கிடக்கும் ஊர். பாலத்தோப்பூர் என்று பக்கத்திலேயே இன்னோர் ஊரும் உண்டு.

தோப்பு என்ற சொல்லைத் 'தொகு' என்னும் வினையோடு சேர்த்துப் பார்ப்பது அகராதி மரபு. தொகுப்பு என்பது தேய்ந்து தோப்பாயிற்று. இத்தேய்வுக்குத் தமிழில் நல்ல சாட்சிகள் உண்டு. பகுதி என்பது பாதியானது. மிகுதி என்பது மீதியானது. இரண்டிலும் நடுவில் நின்ற 'கு' கரைந்து முன்னிருந்த உயிர் நீண்டது. தொகுப்பு தோப்பானதும் அதே வழியில்தான். சிதறி நின்ற மரங்களை ஓரிடத்தில் தொகுத்தால் தோப்பு. தென்னிந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயரும் மாந்தோப்பையும் புளியந்தோப்பையும் 'டோப்' என்று தங்கள் மொழிக்குள் எடுத்துக்கொண்டார்கள்.

சோலை வேறு வகை. தோப்பு மனிதர் வைத்தது. சோலை தானாக அடர்ந்து நிழல் பரப்புவது. நீலகிரி மலைமடிப்புகளில் உள்ள காடுகளை உலகத்துத் தாவரவியலாளர் 'ஷோலா' என்று அழைப்பது இந்தச் சொல்லைக்கொண்டுதான். மலையாளத்தில் 'சோல' என்றால் நிழல் என்றும் பொருள். தோப்பில் உழைப்பு முன்னே தெரியும். சோலையில் நிழல் முன்னே தெரியும்.

வீட்டுக்கான வரிக்கு ஏன் சோலை? கிடுகு வேய்ந்த வீடு ஏழைக்கும் இருந்தது. ஓரளவு வசதியானவருக்கும் இருந்தது. வேறுபாடு வீட்டைச் சுற்றிய வளவில் நின்றது. எத்தனை தென்னை, எத்தனை கமுகு, எத்தனை பலா என்பதுதான் ஒருவரின் நிலைமை. ஒல்லாந்தர் காலத்துக் காணித் தோம்புகளில் மரங்களை எண்ணியே எழுதினார்கள். தோம்பு போர்த்துக்கேயச் சொல். பதிவேடு என்று பொருள். தோப்போடு ஒலியில் நெருங்கினாலும் வேரில் உறவில்லை. ஆனால் தோம்பில் ஏறிய பிறகு தோப்புக்கு நிழலோடு கணக்கும் சேர்ந்துகொண்டது. சோலைவரி என்ற பெயரில் அந்தக் காலத்து அளவுகோல் படிந்திருக்கிறது என்று கொள்வது பொருந்தும். ஒருவரின் தலையை எண்ணாமல், அவரைச் சுற்றி எவ்வளவு நிழல் இருக்கிறது என்று பார்த்த அளவுகோல் அது.

கோட்டில் ஏறியவர், ஏறாதவர்

இனிப் பின்பாதி. வரி என்றால் கோடு. புலியின் உடலில் உள்ளது வரி. ஏட்டில் எழுதுவதும் வரி. வரிதல் என்றால் எழுதுதல், கீறுதல். அரசுக்குரியதை ஏட்டில் ஒரு வரியாக எழுதிவைத்ததால் எழுதப்பட்ட அந்தப் பொருளுக்கும் வரி என்று பெயர் படிந்தது. சோழர் கல்வெட்டுகளில் 'வரிப்பொத்தகம்' வருகிறது. நிலத்தின் விவரத்தையும் அதற்குரிய கடமையையும் ஏற்றிவைத்த புத்தகம் அது. அதைப் பொறுப்பேற்ற அதிகாரிக்கும் அதே பெயர்.

சிங்களத்தில் நகரசபைக்குக் கட்டும் இதே வரியை 'வரிபனம்' என்கிறார்கள். நம் வரிப்பணம்தான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. சண்டை பிடித்த இரண்டு மொழிகளும் வரிச்சீட்டில் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றன.

வரியின் முதல் நியாயம் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஏட்டில் ஏறியவரிடம்தான் வாங்க முடியும். 2023 ஜனவரியில் இலங்கையின் தனிநபர் வருமானவரி மாற்றப்பட்டபோது, மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் உழைத்தவர் அனைவரும் வரிக்குள் வந்தார்கள். வீதம் 6இல் தொடங்கி 36 வரை ஏறியது. வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் துறைமுக ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பணக்காரருக்கான வரியை எதிர்க்கிறார்கள் என்று அவர்களைச் சிலர் கடிந்தார்கள். அவர்களுடைய மனக்குறையை நான் வேறாகப் பார்க்கிறேன். மாதச் சம்பளம் ஒளிக்க முடியாதது. கைக்கு வருமுன்னரே வெட்டப்படுவது. காணிமேல் காணி வாங்கிப் போட்டவரின் செல்வமும், வேறொருவர் பெயரில் ஓடும் வியாபாரமும் ஏட்டில் ஏறுவதில்லை. சம்பளக்காரரும் செல்வந்தரும் ஒருவரல்லர். செல்வருக்கு வரி என்று சொல்லிக்கொண்டு சம்பளக்காரரிடம் மட்டும் வாங்குவது, கோட்டில் கிடைத்தவரைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பவரை விட்டுவிடுவதாகும்.

இறையும் திறையும்

கொழும்பில் வருமானவரி வாங்கும் அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் 'உள்நாட்டு இறைவரித் திணைக்களம்' என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் அதை வருமான வரித் துறை என்பார்கள். நம் பெயரில் இரண்டு பழஞ்சொற்கள் உயிரோடு இருக்கின்றன. சோழர் ஆட்சியில் நிலவரியைக் கவனித்த அலுவலகம் 'புரவுவரித் திணைக்களம்'. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள அந்தச் சொல்லைத் தமிழ்நாடு கைவிட்டுத் துறை என்று மாற்றிக்கொண்டது. இலங்கை அதை எடுத்து எல்லா அரச அலுவலகங்களுக்கும் சூட்டியது. சோழர் ஆட்சிச் சொல் திருகோணமலை மாவட்டத்துக்குப் புதிதுமல்ல. பெரியகுளத்து வெல்கம் விகாரையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் அந்தப் பௌத்தப் பள்ளியை இராசராசப் பெரும்பள்ளி என்றே குறிக்கின்றன.

திணைக்களத்தின் பின்பாதி களம். கிழக்கில் சூடு மிதிக்கும் இடத்தைக் களவெட்டி என்போம். அரசன் பங்கை அளந்து கொடுத்ததும் பழங்காலத்தில் களத்தில்தான். விளைந்த பிறகு, விளைந்ததைக் கண்ணால் பார்த்து அளந்து கொடுப்பது களத்து முறை.

இறை என்ற சொல்தான் எல்லாவற்றிலும் ஆழமானது. இறைவனையும் அரசனையும் இறை என்பதால், வரி கடவுளுக்குக் கொடுப்பது போன்றது என்று மேடைகளில் நயம் சொல்வார்கள். ஒலி ஒன்றாக இருந்தாலும் வரியைக் குறிக்கும் இறையை 'இறு' என்னும் வினையோடு சேர்ப்பதே பொருத்தம். இறுத்தல் என்றால் செலுத்துதல். பழந்தமிழில் மூன்று பொருள்களோடு இந்த வினை வரும். கடன் இறுத்தார்கள். வரி இறுத்தார்கள். கேள்வி கேட்டவருக்கு விடை இறுத்தார்கள். இன்றும் நாம் 'விடையிறுத்தார்' என்று எழுதுகிறோம்.

கடனுக்கு முன்னால் ஒருவர் தந்திருக்க வேண்டும். விடைக்கு முன்னால் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். இறைக்கு முன்னாலும் ஏதோ பெற்றிருக்க வேண்டும். முன்பு பெற்றதற்குப் பின்பு செலுத்துவது என்ற கருத்து அந்த வினைக்குள்ளேயே குடியிருக்கிறது. பாண்டியர் கல்வெட்டுகளில் நிலவரிக்குக் 'கடமை' என்று பெயர். கடன் என்ற சொல்லின் பிள்ளை அது. வரிக்கு வைத்த பெயர் பிற்காலத்தில் ஒழுக்கத்துக்கான பெயராக வளர்ந்தது. அதன் எதிர்த்திசையில் இன்னொரு சொல் இருக்கிறது: திறை. தோற்ற அரசன் வென்ற அரசனுக்குக் கட்டுவது திறை. அதில் பெற்றது ஒன்றும் இல்லை. பயம் மட்டும் உண்டு.

செல்வருக்கு வரி நியாயமா என்ற சண்டை முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கிடையில் நடப்பதாகவே எனக்குப் படுகிறது. வரியை எதிர்க்கும் செல்வர் அதைத் திறையாக உணர்கிறார். நான் உழைத்தேன், நீ அதிகாரத்தால் பறிக்கிறாய் என்கிறார். அந்த உணர்வை முழுதாகத் தள்ளிவிட முடியாது. கொடுங்கோன்மை அதிகாரத்தில் முறைதவறிய அரசனின் வரிகேட்பை வள்ளுவரே வழிப்பறிக்கு ஒப்பிடுகிறார். வாங்கிய பணத்துக்குக் கணக்குச் சொல்லாத அரசு தன் இறையைத் தானே திறையாக்குகிறது. விடையிறுக்கும் பொறுப்பு செலுத்துபவருக்கு மட்டும் உரியதன்று, வாங்குபவருக்கும் உண்டு. ஆனால் அரசின் பிழை, செல்வர் எதையும் பெறவில்லை என்பதற்குச் சான்றாகாது.

இறையிலி

இறை இல்லாதது இறையிலி. கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் சொல். கோயிலுக்கு விட்ட தேவதானம், பிராமணருக்கு விட்ட பிரமதேயம், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட பள்ளிச்சந்தம் ஆகியவை இறையிலியாவதைக் கல்வெட்டுகள் பெருமையோடு பேசுகின்றன. அதே காலத்துப் பட்டயங்களில் வரும் வரிப்பெயர்களையும் பாருங்கள். நெசவாளர் தறிக்குத் தறியிறை. எண்ணெய் ஆட்டுபவருக்குச் செக்கிறை. குயவருக்குக் குசக்காணம். கள்ளிறக்குபவருக்கு ஈழம்பூட்சி. கலியாணம் செய்தால் கண்ணாலக்காணம். நிழல் நிறைய உள்ள இடம் இறையிலி ஆயிற்று. தறியும் செக்கும் சக்கரமும் இறைக்குள் நின்றன.

இறையிலி பற்றிக் கல்வெட்டு இன்னொன்றும் கற்பிக்கிறது. ஒரு நிலத்தை இறையிலியாக்க விரும்பும் கொடையாளர் ஊர்ச்சபையிடம் ஒரு தொகையை முன்கூட்டியே கட்டுவதுண்டு. அதன் வட்டியிலிருந்து சபை ஆண்டுதோறும் அந்நிலத்தின் வரியை அரசுக்கு இறுக்கும். நிலம் இறையிலி ஆனாலும் இறை காணாமல் போகவில்லை. வேறொரு தோளுக்கு மாறியது. அன்றைய சபை அந்தத் தோள்மாற்றத்துக்குப் பணம் வாங்கியது, கல்லிலும் வெட்டிவைத்தது. இன்றைய வரிவிலக்குகளில் அந்த நேர்மை குறைவு.

இறை தோள் மாறும் என்பதை இலங்கை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2019 டிசம்பரில் புதிய அரசு வற் என்னும் பெறுமதிசேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. வருமானவரி தொடங்கும் எல்லையை ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த வரிவருமானம், பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, அடுத்த ஆண்டே 8 சதவீதமளவுக்கு இறங்கியது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. பிறகு வற் வரி 12 ஆனது, 15 ஆனது, 2024 ஜனவரியில் 18 ஆனது. மேலே விட்ட இறை கீழே வந்து இறங்கியது. தோப்பூரில் பிள்ளைக்குக் கொப்பி வாங்கிய தாயும் பெரிய மாளிகைக்குக் குளிரூட்டி வாங்கியவரும் ஒரே 18ஐக் கட்டினார்கள். மாளிகைக்காரருக்கு அது மீதியிலிருந்து போனது. தாய்க்கு அன்றைய கறியிலிருந்து போனது.

தலைவரியும் மராலயும்

எல்லாரும் ஒரே தொகை கட்டுவதுதான் நியாயம் என்று சொல்பவர் இன்றும் இருக்கிறார்கள். அதையும் நாம் அனுபவித்துப் பார்த்துவிட்டோம். அதற்குப் பெயர் தலைவரி. 1848இல் ஆளுநர் டொரிங்டன் காலத்தில் வந்த வீதிச் சட்டப்படி 18 முதல் 55 வயதுவரையுள்ள ஆண் ஒவ்வொருவரும் ஆண்டில் 6 நாள் வீதிவேலை செய்ய வேண்டும், அல்லது 3 சிலிங் கட்ட வேண்டும். துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் அதே ஆண்டில் வரி வந்தது. கோப்பித் தோட்ட முதலாளிகளின் ஏற்றுமதித் தீர்வை நீங்கியதும் அந்தக் காலத்திலேயே. மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்ததற்கு இந்த வரிகள் முக்கியக் காரணம்.

தலை எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் தலைவரி பார்வைக்குச் சமம். தோட்டத்துரைக்கு 6 நாள் என்பது சட்டைப்பையிலிருந்து எடுக்கும் சில்லறை. கூலிக்காரருக்கு அது பிள்ளைகளின் 6 நாள் சோறு. இந்த வரியைக் கட்ட மறுத்துக் கல்லுடைக்கப் போனவர் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. 1920களின் தொடக்கத்தில் அது ஒழிந்தது. ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழித்து, 1932இல், வருமானவரிச் சட்டம் வந்தது. தலையை எண்ணிய அரசு வருமானத்தை எண்ணத் தொடங்கியது. நெல்லுக்கான வரி அதற்கு முன்பே, 1892இல் நீங்கியிருந்தது. அதைக் கட்ட முடியாமல் காணியை இழந்து நின்றவர்களின் கதை மலைநாட்டில் பெருங்கதை.

தலையை விட்டுச் செல்வத்தை எண்ணுவது வெள்ளைக்காரர் கற்பித்த புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் தோப்பூருக்கு மிக அருகில்தான் தன் சுதந்திரத்தை இழந்தார். ஏறத்தாழ 20 ஆண்டு கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து தப்பிப்போய் 1681இல் வெளியிட்ட நூலில் 'மரால' என்ற ஒரு வரியைப் பற்றி எழுதினார். மந்தை வைத்திருந்த ஒருவர் இறந்தால், அதிலிருந்து ஒரு காளையும் கன்றோடு ஒரு பசுவும் ஆணும் பெண்ணுமாக எருமைகளும் அரசனுக்குப் போகும். மந்தை இல்லாதவர் வீட்டில் மாடு கேட்டு யாரும் வரமாட்டார்கள். இன்று உலகம் மரபுரிமை வரி என்று விவாதிக்கும் பொருள், 17ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் நான்கு கால்களில் நடந்து போயிருக்கிறது.

துக்கவீட்டில் வந்து மாட்டை அவிழ்ப்பது கொடுமையாகவும் இருந்திருக்கும். அதை மறைக்கவில்லை. வரியின் அளவுகோல் சரியாக இருந்தாலும் வாங்கும் முறை மனிதரை நோகடிக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

செல்வமும் செலவும்

செல்வம், செலவு இரண்டும் 'செல்' என்ற வினையைச் சுட்டுகின்றன. பழந்தமிழில் செலவு என்றால் பயணம். போய்க்கொண்டே இருப்பது என்ற நினைவு செல்வத்தின் பெயரில் இருக்கிறது. 1950களில் நிக்கலஸ் கால்டோர் என்னும் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் இந்தச் செல்லும் பொருளைச் சேரும் இடத்திலும் செலவாகும் இடத்திலும் மறிக்கச் சொன்னார். இந்தியாவுக்கு 1956இல் அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டு நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி செல்வவரியையும் செலவுவரியையும் கொண்டுவந்தார். பிறகு கால்டோர் இலங்கைக்கும் ஆலோசனை சொன்னார். 1959இல் இங்கும் அவை சட்டமாயின.

இரண்டு நாட்டிலும் அவை நிலைக்கவில்லை. இலங்கையில் 1990களின் தொடக்கத்தில் செல்வவரி போனது. இந்தியாவில் 2015இல் அருண் ஜெட்லி அதை ஒழித்தார். 2013–14இல் நாடு முழுவதிலுமிருந்து கிடைத்த செல்வவரி 1,008 கோடி ரூபாதான் என்று அவர் தம் வரவுசெலவு உரையில் சொன்னார். அதற்குப் பதிலாக, ஆண்டு வருமானம் 1 கோடிக்கு மேற்பட்டவர்மீது 2 சதவீத மேல்வரி விதித்தால் ஏறத்தாழ 9,000 கோடி வரும் என்று கணக்குக் காட்டினார். உலகத்திலும் இதே போக்குத்தான். செல்வந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஈசீடீ நாடுகளில் 1990இல் 12 நாடுகள் செல்வவரி வாங்கின. 2017இல் அந்த எண்ணிக்கை 4 ஆகச் சுருங்கியது.

எதிர்ப்பவர்களுக்கு இது வலுவான சான்று. நகையையும் பங்குப்பத்திரத்தையும் ஒளிக்கலாம். பணத்தை ஓர் இரவில் வேறு நாட்டுக்கு அனுப்பலாம். மதிப்பிடும் செலவே வரியைத் தின்றுவிடலாம். இதையெல்லாம் நான் ஏற்கிறேன். ஆனால் இவை வாங்குவது கடினம் என்பதைக் காட்டும் சான்றுகள். வாங்குவது அநியாயம் என்பதைக் காட்டுவன அல்ல. நெற்றுத் தேங்காய் உயரத்தில் தொங்குகிறது என்பதற்காகத் தரையில் கிடக்கும் குரும்பட்டியைப் பொறுக்கிக்கொண்டு போவது விவசாயமாகாது.

கப்பலேறாத காணி

சோலைவரிக்குத் திரும்புகிறேன். செல்வத்தின் எல்லா வடிவங்களிலும் தப்பி ஓடாதது ஒன்றுண்டு. காணி. பொன் கப்பலேறும், பணம் கம்பியிலே பறக்கும், காணி கிடந்த இடத்திலேயே கிடக்கும். நம் முன்னோர் செல்வத்தை அளக்க வளவைப் பார்த்தது எளிமையால் மட்டுமன்று. ஒளிக்க முடியாததைப் பார்த்தார்கள்.

காணியின் பெறுமதி வருவது எங்கிருந்து? திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் குடாவைக் கடந்து வள்ளத்திலும் லோஞ்சிலும் போன காலம் எங்கள் ஊரவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. தரைவழியில் போனால் துறைக்குத் துறை படகுப்பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது. அடுத்தடுத்து மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. நோயாளியின் பயணம் சுருங்கியது. மீனும் நெல்லும் விரைவாகப் போயின. வீதியோரத்துக் காணிக்கும் விலை ஏறியது. அந்தக் காணிக்காரர் பாலத்துக்கு ஒரு கல்லும் சுமக்கவில்லை. பாலம் கட்டிய கடனைத் தேயிலை கிள்ளுபவரும் மீன்பிடிப்பவரும் வற் வரியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். அல்லைக் குளத்து வாய்க்கால் வயலுக்குத் தரும் பெறுமதியும் இப்படித்தான் வந்தது. உழைப்பு வயல்காரருடையது, நீர் ஊருடையது.

தோப்பு என்பது தொகுத்தது என்று பார்த்தோம். பெரிய செல்வமும் அப்படியே. அதில் உடையவரின் உழைப்பும் அறிவும் துணிவும் உண்டு. கூடவே பொது வீதியும் பொதுக் குளமும் அரச பள்ளிக்கூடத்தில் படித்த வேலையாட்களும் காணி உறுதியைக் காக்கும் நீதிமன்றமும் தொகுக்கப்பட்டிருக்கின்றன. போர்க்காலத்தில் இந்தப் பகுதியில் உறுதிப் பத்திரம் கையில் இருந்தும் காணிக்குள் போக முடியாமல் நின்றவர்களைக் கண்டிருக்கிறோம். 2006இல் மூதூர்ப் பக்கத்து மக்கள் உடுத்த துணியோடு கந்தளாய்க்கு நடந்தார்கள். ஊர் அமைதியாக இருந்தால்தான் உடைமை உடைமையாக இருக்கும் என்பது எங்களுக்குப் புத்தகப் பாடமன்று. அந்த அமைதியால் அதிகம் காக்கப்படுவது அதிகம் உடையவரின் உடைமை. அதிகம் பெற்றவர் அதிகம் இறுப்பதில் என்ன அநீதி?

சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவித்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது, செல்வத்துக்கான வரியும் மரபுரிமை வரியும் பேச்சில் இருந்தன. உரிமையாளர் தாமே குடியிருக்கும் பெரிய வீடுகளுக்கு வாடகை மதிப்பிட்டு அதற்கு வரி வாங்கும் யோசனையும் வந்தது. சோலைவரியும் ஒரு கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியை வைத்தே கணிக்கப்படுவது. பழைய சோலைவரியின் எண்ணத்தையே நாடு தழுவியதாக்கப் பார்த்தார்கள். 2025இல் வரும் என்று பேசப்பட்ட அது பின்தள்ளப்பட்டது. வற் வரி மட்டும் குறித்த நாளில் வந்தது.

இங்கே ஒரு நியாயமான அச்சம் உண்டு. கணவரை இழந்த ஒரு தாய் பரம்பரை வளவில் இருக்கிறார். காணிக்கு விலை ஏறிவிட்டது; கையில் காசு இல்லை. அவரிடம் சோலையின் பெயரால் பணம் கேட்டால் அது மராலக்காரர் மாட்டை அவிழ்த்த கதையாகும். இதற்காகத்தான் எல்லை வேண்டும். குடியிருக்கும் ஒரு வீட்டையும் உழும் வயலையும் எல்லைக்கு வெளியே விடலாம். கைமாறும் நாளில் வாங்கலாம். அந்தத் தாயைக் காட்டிப் பத்து வளவு உடையவர் தப்பக் கூடாது. பத்து வளவு உடையவரைக் காட்டி அந்தத் தாயைப் பிடிக்கவும் கூடாது.

மிகுதியும் பகுதியும்

எங்கள் ஊரில் எல்லை வைத்து வாங்குவது எவருக்கும் புதிதன்று. முஸ்லிம்கள் செலுத்தும் கடமைக்கொடை ஸகாத். அந்த அறபுச் சொல்லுக்குத் தூய்மையும் வளர்ச்சியும் பொருள். நிஸாப் என்னும் எல்லைக்கு மேல் ஓராண்டு கையில் நின்ற செல்வத்தில் 2.5 சதவீதம். குடியிருக்கும் வீடும் தொழிற்கருவியும் கணக்கில் சேரா. விளைச்சலுக்கு வேறு அளவு: மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, பாடுபட்டு நீர் இறைத்து விளைவித்தால் இருபதில் ஒன்று. உழைப்பு கூடினால் கடமை குறைகிறது; தானாகக் கிடைத்தது கூடினால் கடமை கூடுகிறது. இறைவணக்கமான ஸகாத்தையும் அரசின் வரியையும் நான் ஒன்றாக்கவில்லை. செல்வத்தின் மீதியை அளந்து ஒரு பங்கை எடுத்து வைப்பது அநியாயம் என்று தோப்பூரில் எந்தப் போடியாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

முன்னே சொன்ன மூன்று சொற்களை இனி ஒன்றாக அடுக்கலாம். மிகுதி மீதியானது. பகுதி பாதியானது. தொகுப்பு தோப்பானது. பழந்தமிழில் பகுதி என்ற சொல்லுக்கு அரசுக்குக் கட்டும் பணம் என்ற பொருளும் இருந்தது. மிகுதியில் ஒரு பகுதி தொகுப்புக்குப் போக வேண்டும். செல்வருக்கான வரியின் நியாயத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மிகுதி இல்லாதவரிடம் பகுதி கேட்கக் கூடாது. மிகுதி உள்ளவர் பகுதியை மறுக்கக் கூடாது. தொகுத்ததை எடுத்துத் தின்றுவிட்டுப் போக ஆள்பவருக்கு உரிமை இல்லை. அது ஊருக்கு நிழலாகத் திரும்ப வேண்டும்.

மூத்தவாப்பாவின் கேள்விக்கு அன்று எங்களில் யாரும் விடையிறுக்கவில்லை. இப்போது சொல்லலாம். அந்தச் சீமெந்து முற்றத்தில் மரம் இல்லைதான். ஆனால் வாசலில் வீதி இருக்கிறது, வடிகான் இருக்கிறது, இரவில் எரியும் தெருவிளக்கு இருக்கிறது, பிள்ளைகள் நடந்துபோகும் தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்த வீட்டின் சோலை மதிலுக்கு வெளியே இருக்கிறது. வரி அதற்குத்தான்.